மடியில் வைத்த கை

தறிக்கூடத்துக்குள் ஒருவர் வாயைத் திறந்து பேசினால் அவர் வேலைக்குப் புதுசு என்று அர்த்தம். நாற்பது விசைத்தறிகள் ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஓடும்போது, பக்கத்தில் நிற்பவரின் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் எச்சில்தான் போய்ச் சேரும். மழை பெய்வதைக்கூட வாசல் பக்கம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் அங்கே எல்லாருக்கும் கைதான் வாய். இழை அறுந்தால் ஒரு ஜாடை, குறுக்கிழையை இழுத்து ஓடுகிற நாடா மாட்டிக்கொண்டால் ஒரு ஜாடை, தறியைப் பழுது பார்க்கிற பிட்டரைக் கூப்பிட ஒரு ஜாடை என்று வேலைக்காகத் தொடங்கியது, எத்தனையோ வருஷமாகப் பெருகிப் பெருகி, இந்தக் கோடியில் நிற்கிறவள் அந்தக் கோடியில் நிற்கிறவளிடம் நேற்று ராத்திரி வீட்டில் நடந்த சண்டையை ஒன்று விடாமல் சொல்லுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. மாமியாருக்கு அவர்கள் வைத்திருந்த ஜாடையை எழுத்தில் சொல்ல முடியாது.

பேர் சொல்லிக் கூப்பிட வழியில்லாத இடம் என்பதால் ஆளுக்கு ஒரு கைப்பேர் இருந்தது. கன்னத்தைத் தொட்டால் மச்சக்காரி. மூக்குக்குக் கீழே விரலை இழுத்தால் மேஸ்திரி. அவர் மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது, ஆனாலும் கூடத்தில் அவர் மீசைதான். கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்து ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சுக்காரி. அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுத் தறியை ஓடவிடுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பேர். பன்னிரண்டு வருஷமாக எட்டுத் தறிகளைப் பார்த்துக்கொள்கிறாள். புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். வேலையில் புலி, வம்பு பேசுவதில் அதைவிடப் பெரிய புலி. அவள் கை ஆட ஆரம்பித்தால் பக்கத்துத் தறிக்காரிகள் வேலையை மறந்துவிடுவார்கள் என்று மீசை ரெண்டு முறை அவளை இடம் மாற்றிப் பார்த்திருக்கிறார்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குள் நுழைந்ததும் கையை மடியில் வைத்துக்கொள்வாள். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

அவளுக்கு ஒரே பெண். மூன்று வயதிலேயே காது கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காதுக்கு மிஷின் வாங்கி மாட்டினார்கள். சில பிள்ளைகளுக்கு அந்த மிஷின் நன்றாகக் கைகொடுத்தது. இவளுக்குக் கொடுக்கவில்லை. தட்டு கீழே விழுந்தால் திரும்புவாள், அம்மா கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தி முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள்.

"வீட்டுல யாரும் கை ஜாடை காட்டவே கூடாது. நீங்க காட்டினா அவளுக்கு வாயத் திறக்கற அவசியமே இருக்காது. அப்புறம் ஆயுசுக்கும் ஊமைதான். கை மடியில இருக்கட்டும். வாயப் பாத்துப் பேசப் பழகட்டும்."

"தண்ணி வேணும்னு கை காட்டினா என்ன பண்றதுங்க?"

"குடுக்காதீங்க. வாயால கேட்டாத்தான் குடுக்கணும். பாவம் பாத்தீங்கன்னா நீங்களே அவளக் கெடுக்கறீங்க."

படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஜனம். அந்த அம்மாவும் கெட்ட எண்ணத்தில் சொன்னவள் இல்லை. ஆனால் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி, சொல்லு, தண்ணி" என்று அரைமணி நேரம் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்திருந்தது பெற்றவள்தான். பிள்ளை அவள் உதட்டையே பார்க்கும், வாயைக் கோணும், கடைசியில் அழும். அழுகையோடு அழுகையாக "ண்ணி" என்று ஏதாவது வந்தால் சொம்பு கிடைக்கும். பழக்கத்தில் கை எழும்பிவிடுமோ என்று பயந்து முடிச்சுக்காரி தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்த நாட்களும் உண்டு.

கூடத்தில் பேசுகிற கைப்பேச்சை அவள் பயிற்சிக்கார அம்மாவிடம் சொல்லவே இல்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. அது வேலை இடத்துக் குறும்பு, சத்தத்துக்கு நடுவில் பிழைக்கிறவர்களின் தந்திரம், அதைப் போய்ப் பேச்சு என்று யாராவது சொல்வார்களா? அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆறு வருஷம் போயிற்று. பெண்ணுக்கு ஒன்பது வயது. அவள் வாயில் தேறிய வார்த்தைகள் நாலு. அம்மா, தண்ணி, போ, வலி.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பிலேயே மூன்றாவது வருஷமாக உட்கார வைத்திருந்தார்கள். முழுப் பரீட்சை முடிந்த அன்று தலைமை ஆசிரியை இருவரையும் வரச்சொன்னாள். புருஷன் துணிப் பேல்களை லாரியில் ஏற்றுகிற வேலைக்காரன். முதுகில் ஒரு குவிண்டாலைத் தூக்குகிறவன், மேஜைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் மட்டும் நிமிரமாட்டான். ஆசிரியை ஒரு காகிதத்தை அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

"அதிகாரி வந்து சோதனை பண்ணிட்டுப் போயிருக்கார். குழந்தைக்குக் காது மட்டும் பிரச்சனை இல்லை. புத்தியும் வளரலை. படிப்பு ஏறாதுன்னு எழுதிட்டார். இனிமே வீட்டுல வெச்சுப் பாத்துக்கறதுதான் நல்லது. இதுல கையெழுத்துப் போடுங்க."

"புத்தி வளரலையா? கடைக்கு அனுப்பினா சரியா வாங்கிட்டு வருவாளே டீச்சர்."

"அது வேற, படிப்பு வேற. பாருங்க, சொல்வதெழுதுதல்ல மூணு வருஷமாப் பூஜ்யம்."

முடிச்சுக்காரி அந்த மதிப்பெண் அட்டையைக் கையில் வாங்கினாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். "சொல்வதெழுதுதல்னா நீங்க சொல்லுவீங்க, புள்ளைங்க எழுதணும். அதானே?"

"ஆமாம்."

"அவளுக்குத்தான் காது கேக்காதே."

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே பரீட்சைதாம்மா. ஒருத்திக்காக மாத்த முடியாது."

"அந்த அதிகாரி கேள்வி கேட்டாரே, அவர் எப்படிக் கேட்டார்?"

"எப்படிக் கேப்பாங்க? வாயாலதான். காகிதத்தப் பாத்துப் படிச்சார். இவ பதிலே சொல்லாம ஜன்னலப் பாத்துட்டு இருந்தாளாம்."

கேட்காத காதுக்குக் கேள்வியைப் படித்துக்காட்டிவிட்டு, பதில் வரவில்லை, மூளை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, அதன்மேல் முத்திரையும் குத்தியிருந்தார்கள். இதற்குச் சம்பளம் வேறு. புருஷன் பேனாவைத் தேடினான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"லீவு முடிஞ்சதும் கொண்டாறோம் டீச்சர்" என்று காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வழியெல்லாம் அவன் முணுமுணுத்தான். "பெரியவங்க சொல்றாங்க. நாம என்னத்தக் கண்டோம்? போட்டுத் தொலைச்சிருக்கலாம்."

"போட்டா அவ கதை முடிஞ்சிது. நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துப் படியையும் மிதிக்க முடியாது. தெரியுதா உங்களுக்கு?"

"போடாட்டி மட்டும் கலெக்டர் ஆயிடுவாளா?"

பிள்ளை இருவருக்கும் நடுவில், இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நடந்தது. சண்டை தன்னைப் பற்றியது என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது.

ஒரு மாச விடுமுறை. வீட்டில் தனியாக விடப் பயந்து, முடிச்சுக்காரி பெண்ணைக் கூடத்துக்கே கூட்டிவந்தாள். மீசை முதலில் முறைத்தார். "மூலையில உக்காந்திருக்கணும். தறிப் பக்கம் வரக்கூடாது. நாடா தெறிச்சா கண்ணு போயிடும்" என்று வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு உள்ளே விட்டார். நூல் மூட்டை ஒன்றின்மேல் அவளை உட்கார வைத்தார்கள். ஒருத்தருக்கும் காது கேட்காத ஒரு இடத்துக்குள் அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருந்தது.

முதல் நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். வகுப்பில் ஜன்னலைப் பார்க்கிறவள் என்று எழுதப்பட்டவள், இங்கே எந்தக் கை எங்கே எழும்பினாலும் அங்கே திரும்பினாள். சாப்பாட்டு நேரத்தில் சோற்றைப் பிசைந்தபடியே, எதிரில் இருந்தவர்களின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, முதலாளி கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். வாசலில் அவர் நிழல் தெரிந்ததும் மச்சக்காரி பக்கத்துத் தறிக்காரியிடம் கையாலேயே சொன்னாள்: தொந்தி வந்தாச்சு, ஆள் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெண் எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமல் முடிச்சுக்காரி பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. பெண் நகைச்சுவைக்குச் சிரித்திருந்தாள். ஒன்பது வருஷத்தில் யாராவது சறுக்கி விழுந்தால் சிரித்திருக்கிறாள், கிச்சுகிச்சு மூட்டினால் சிரித்திருக்கிறாள். ஒருத்தர் சொன்ன சொல்லுக்கு அவள் சிரித்து அம்மா பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் பெண்கள் விடவில்லை. தேநீர் வேளையில் கூடிக்கொண்டு, இது நூல், இது மழை, இது பசி, இது பொய், இது நாளைக்கு என்று காட்டுவார்கள். ஒருமுறை காட்டினால் போதும், பிடித்துக்கொள்வாள். ரெண்டு கண்ணுக்கும் கீழே விரலை வைத்து இழுக்கிற ஒரு ஜாடையை அவளுக்குக் கைப்பேராக வைத்தார்கள். எதையும் விடாமல் பார்க்கிறவள் என்பதால் அது. வாயால் சொல்லும்போது கண்ணு என்றார்கள். வீட்டில் வைத்த பேரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பேரை எத்தனை தூரத்திலிருந்து கூப்பிட்டாலும் திரும்பினாள்.

முடிச்சுக்காரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பாதி சந்தோஷமும் பாதி கிலியுமாக இருந்தாள். கெடுக்கிறோமோ, இருக்கிற நாலு வார்த்தையும் போய்விடுமோ என்ற பயம் அவளை விடவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் அது நடந்தது. அவள் எட்டாம் தறியில் குனிந்திருந்தாள். கண்ணு ஓடிவந்து அம்மாவின் முழங்கையைத் தட்டினாள். ஏழு என்று விரலைக் காட்டி, ரெண்டு விரலைப் பிரித்து அறுந்தது என்று காட்டினாள். பிசிறில்லாத ஜாடை. பெற்ற தாயிடம் அவள் சொன்ன முதல் முழு வாக்கியம்.

முடிச்சுக்காரி பளீரென்று அந்தக் கைமேல் ஒரு அடி வைத்தாள். "வாயால சொல்லு!" என்று கத்தினாள்.

அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. நாற்பது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏழாம் தறியில் இழை அறுந்து, துணியில் விரல்கடை அகலத்துக்குக் கோடு விழுந்துகொண்டிருந்தது.

மீசை வந்து ஏழாம் தறியை நிறுத்தினார். பிள்ளை புறங்கையைத் தடவிக்கொண்டு நின்றது. அவர் முடிச்சுக்காரியை வாசலுக்கு வெளியே வரச்சொன்னார். மச்சக்காரியும் பின்னாலேயே வந்தாள்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? புள்ள நல்லதுதானே சொல்லிச்சு? நாள் பூரா நீ கையால ஊர் வம்பெல்லாம் அளக்கறே. உம்பொண்ணு ஒரு வார்த்த பேசினா அடிக்கறியே!"

"கைய ஆட்டினா பேச்சு வராதுன்னு சொல்லியிருக்காங்கண்ணே."

"யாரு?"

"பயிற்சி குடுக்கற அம்மா. வீட்டுல கையே அசைக்கக் கூடாதுன்னாங்க."

மச்சக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "இருடி. அப்ப இத்தன வருஷமா வீட்டுல நீ இவகிட்டக் கையால எதுவுமே சொன்னதில்லையா?"

"இல்லக்கா."

"தூங்குன்னு?"

"வாயால சொல்வேன்."

"நாளைக்கு ஊருக்குப் போறோம், அப்பா வர லேட்டாகும், இதெல்லாம்?"

"வாயாலதான் சொல்வேன். அவளுக்குப் புரியாது."

"அடிப்பாவி" என்றாள் மச்சக்காரி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அத்தன பேர்கிட்டயும் பேசினியே. உங்கூடச் சண்ட போட்ட அந்த மூணாம் தறிக்காரிகிட்டக் கூடப் பேசினியே!"

முடிச்சுக்காரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். அந்தப் பயிற்சிக்காரி மேல், அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல், மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு வந்த தன்மேல். உள்ளே போய்ப் பெண்ணுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீ சொன்னது சரி, நான் அடித்தது தப்பு என்று ஜாடையில் சொன்னாள். கண்ணு அவள் கைகளையே உற்றுப் பார்த்தாள். அம்மா மற்றவர்களிடம் பேசியதைப் பத்து நாளாகப் பார்த்திருக்கிறாள். தன்னிடம் அந்தக் கைகள் திரும்பியது இப்போதுதான்.

அன்று சாயங்காலம் புருஷன் வந்து செருப்பைக் கழற்றும்போதே கண்ணு போய் அவன் எதிரில் நின்றாள். பேல் எடுக்கக் கூடத்துக்கு வந்து போகிறவன், பாதி ஜாடை அவனுக்கும் தெரியும். லாரி எங்கே போகிறது என்று கேட்டாள்.

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். "கை காட்டக் கூடாதுன்னு அந்தம்மா..."

"அந்தம்மா கெடக்கறாங்க. கேள்வி கேட்டவ எதிர்ல நிக்கறா. பதில் சொல்லுங்க."

துறைமுகத்துக்கு என்று தடுமாறிக் காட்டினான். துறைமுகம் என்றால் என்ன என்றாள். தண்ணீர் காட்டினான், கப்பல் காட்டினான். கப்பலுக்கு அப்புறம் எங்கே என்றாள். அவன் ஒற்றைச் செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "நிறுத்தமாட்டேங்கறாளே" என்றான்.

"நிறுத்த விடாதீங்க" என்றாள் அவள்.

பள்ளி திறந்த அன்று மூவருமாகப் போனார்கள். மழை. காகிதம் அவள் இடுப்பில் இருந்தது. தலைமை ஆசிரியை, "கையெழுத்துப் போட்டாச்சா?" என்றாள்.

"அதுக்கு முன்னாடி அந்த அதிகாரி கேட்ட கேள்விய நீங்க ஒருதரம் கேளுங்க டீச்சர். நான் கையால அவகிட்டச் சொல்றேன்."

"கையாலயா? அது எப்படிச் செல்லும்? நீங்களே பதிலையும் சேத்துச் சொல்லிக்குடுத்துடுவீங்க."

"அப்ப எனக்குப் பதில் தெரியாத கேள்வியாக் கேளுங்க. நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன். கஷ்டமாக் கேட்டாலும் பரவாயில்ல."

ஆசிரியைக்கு முகம் சுருங்கியது. கோப்பைப் பிரித்து ஒரு கேள்வியைப் படித்தாள். மரத்தில் ஏழு பறவைகள், இரண்டு பறந்துவிட்டன, மீதி எத்தனை? முடிச்சுக்காரியின் கை பறவையாகிப் பறந்தது. கண்ணு ஐந்து விரலைக் காட்டினாள். காட்டிவிட்டு, அம்மாவிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்றா?"

"போன ரெண்டும் கூட்டுக்கு எப்போ வரும்னு கேக்கறா. அதிகாரியோட காகிதத்துல அதுக்குப் பதில் இருக்கா டீச்சர்?"

ஆசிரியை கோப்பை மூடி அதன்மேல் கையை வைத்தாள். "நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரி இல்லம்மா. ஜாடையில சோதனை பண்ண விதியில இடமில்லை. இங்க யாருக்கும் அது தெரியவும் தெரியாது. பக்கத்து ஜில்லாவுல கையால சொல்லித்தர்ற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. வேணும்னா அங்க பாருங்க."

முடிச்சுக்காரி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்படி ஒண்ணு இருக்கா? எத்தன வருஷமா?"

"அது இருக்கும் இருபது வருஷம்."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்மா. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"எங்களுக்கு எப்படித் தெரியும்?" அவள் குரல் வராந்தா வரைக்கும் போயிற்று. "மூணு வருஷமா இவள அந்த பெஞ்சுல உக்கார வெச்சுக் காதுல விழாததச் சொல்லி, எழுதலன்னு பூஜ்யம் போட்டீங்களே, அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இத ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? புத்தி இல்லன்னு எழுத மட்டும் பேனா ஓடிச்சே!"

"ஏய், மெதுவா" என்றான் புருஷன். பிறகு என்ன தோன்றியதோ, அவனே நிமிர்ந்து உட்கார்ந்தான். "அவ கேக்கறது நியாயம்தானுங்க" என்றான்.

அவள் காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில், பெரிய பெரிய எழுத்தாக, ஒவ்வொன்றாக எழுதினாள்: என் மகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்குக் கீழே தன் பேரை எழுதினாள்.

"இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா. இதை மேல அனுப்ப முடியாது."

"அனுப்புங்க. அவங்க வந்து கேக்கட்டும். இப்ப அந்தப் பள்ளிக்கூடத்து விலாசத்தக் குடுங்க."

விலாசத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது. முடிச்சுக்காரியின் நடையில் ஒரு மிடுக்கு. பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்: புதுப் பள்ளிக்கூடம், அங்கே எல்லாரும் கையால் பேசுவார்கள், டீச்சர்கூட. கண்ணு துள்ளவில்லை. தெருமுனையில் நின்றுவிட்டாள்.

நீ இந்தப் பேச்சை எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள்.

நீ பிறப்பதற்கு முன்னாலேயே என்றாள் அம்மா.

கண்ணுவின் கை வேகமாக எழுந்தது. மச்சக்காரிகிட்டப் பேசினாய். மீசைகிட்டப் பேசினாய். என்கிட்ட ஏன் பேசவில்லை?

வேண்டாம் என்று சொன்னார்கள்.

யார்?

முடிச்சுக்காரி பள்ளிக்கூடத்துப் பக்கம் கையைத் தூக்கினாள். பயிற்சிக்காரி வீடு இருக்கும் பக்கம் திருப்பினாள். சொன்னவர்கள் அவர்கள்தான், அதில் பொய்யில்லை. ஆனால் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்திருந்தது யார்? கை அந்தரத்தில் நின்றது, பிறகு மெல்ல வந்து அவள் நெஞ்சைத் தொட்டது. நான்.

கண்ணு அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அம்மாவின் கை இனி எதைச் சொன்னாலும் பார்க்கமாட்டேன் என்பதுபோல ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். அம்மா தோளைத் தொட்டாள். உதறிவிட்டாள். மறுபடி தொட்டாள், மறுபடி உதறினாள். கண்ணைத் திறக்கவே இல்லை. தூறல் அவள் முகத்தில் விழுந்து வழிந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

முன்னால் போய்விட்ட புருஷன் திரும்பி வந்தான். "என்னாச்சு? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. எம்மேல கோபமா இருக்கா."

"நனையறாளே. தூக்கிட்டு வந்துடவா?"

"வேணாம், தொடாதீங்க. அவளா கண்ணத் திறக்கட்டும்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ?"

"ஆகட்டும்" என்றாள் அவள். "அவ எனக்காக ஒம்பது வருஷம் நின்னா."